முத்திரை கலையாத எந்திரம்

தண்ணீர் தருவதை நிறுத்திய அன்று எந்திரம் மிக மரியாதையாகப் பேசியது.

"அன்பார்ந்த பயனாளரே, உங்கள் நலன் கருதி உங்களுக்குக் குடிநீர் நிறுத்தப்பட்டுள்ளது. ஒத்துழைப்புக்கு நன்றி."

பெண் குரல். பின்னால் புல்லாங்குழல். பள்ளி வேன் ஓட்டுநர் காலி டம்ளரைக் கையில் பிடித்தபடி அதை முழுவதும் கேட்டார். தண்ணீர் இல்லை என்பதை இவ்வளவு பிரியமாக அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை.

காரணத்தைக் கண்டுபிடிக்கப் படித்திருக்க வேண்டிய அவசியம் இல்லை. தண்ணீரைச் சுத்தம் செய்யும் அந்த எந்திரத்துக்குப் பக்கத்தில் சுவரில் ஒரு கண்ணாடிக் கிண்ணம் தொங்கியது. அதற்குள் ஒரு ஃபில்டர். மாட்டியபோது வெள்ளையாக இருந்தது. இப்போது குட்டையில் கிடந்த கயிற்றைப் போல இருந்தது.

"சேறு அடைச்சிருக்கு," என்றாள் மனைவி, கரண்டியால் கிண்ணத்தைத் தட்டிக் காட்டி. "இதே ஃபில்டர் தெருமுனை ஹார்டுவேர் கடையில கொத்துக் கொத்தா தொங்குது. வாங்கிட்டு வந்து மாத்துங்க. குக்கர் அடங்கறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும்."

"கை வைக்காதீங்க மாப்ள," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. "முத்திரை இருக்கு."

மாமனார் ஓர் அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றதை அலுவலகம் ஏற்றுக்கொண்டது, அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வரிசை என்றால் நிற்பார். 'நுழையாதே' என்ற பலகையைக் கண்டால், நுழையும் எண்ணமே இல்லாவிட்டாலும் ஓரடி பின்வாங்குவார்.

அவர் சொன்ன முத்திரை, கிண்ணத்தின் கழுத்தைச் சுற்றி ஒட்டியிருந்த வெள்ளிப் பட்டை. குடிநீர்க் கருவிப் பராமரிப்பு வாரியத்தின் சின்னம் அதில் இருந்தது: ஒரு துளி நீரைத் தாங்கும் இரண்டு கைகள். துளி யாருக்கும் போய்விடாமல் அந்தக் கைகள் பிடித்து வைத்திருப்பதாக ஓட்டுநருக்குத் தோன்றும். அந்த ஊரில் வாரியத்தின் எந்திரத்தைத் தவிர வேறு எந்திரம் மாட்டக் கூடாது. வாரியத்தின் ஆள் தவிர வேறு ஆள் திறக்கக் கூடாது. முத்திரையைக் கலைத்தால் எந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டு வாசலில் 'நம்பத்தகாத இல்லம்' என்று எழுதி ஒட்டுவார்கள்.

எந்திரம் போனால் மிஞ்சுவது ஆழ்குழாய்த் தண்ணீர். வாளியில் வெள்ளைச் சுண்ணாம்பாகப் படியும் தண்ணீர் அது. சோப்புகூட அதில் நுரைக்க மறுத்துவிடும். மாமனாரின் சிறுநீரகத்தில் இருந்த கற்களை உடைத்து எடுத்த டாக்டர், அனுப்பும்போது சொல்லியிருந்தார்: "நல்ல தண்ணி நெறைய குடிங்க. அந்த போர் தண்ணிய குடிச்சீங்கன்னா நாம மறுபடி சந்திப்போம்." மாமனாருக்கு அந்த டாக்டரை மறுபடி சந்திக்க விருப்பமில்லை.

ஆகவே வாரியத்துக்குப் புகார் செய்தார்கள். அது வரைக்கும் வேன் ஓட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு கேனில் தண்ணீர் கொண்டுவருவது என்று முடிவாயிற்று. மாமனார் அதை மருந்துபோல மூடியில் ஊற்றிக் குடித்தார். கேட்டால், "குழந்தைங்க தண்ணி மாப்ள. உரிமையில்லாத தண்ணி தொண்டைல இறங்க மாட்டேங்குது," என்றார்.

வாரியத்திலிருந்து முதலில் வந்தவர் காலணியைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு உள்ளே வந்தார். ஓட்டுநருக்குச் சந்தோஷம். சமையலறைக்கு அழைத்துப் போனார். வந்தவர் எந்திரத்தைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், மறுபடி எந்திரத்தைப் பார்த்தார்.

"எந்திரம் இருக்கு," என்றார்.

"ஆமா சார். ஓடல."

"ஓடறது என் வேலை இல்ல. நான் இருப்புச் சரிபார்ப்பாளர். இல்லாத எந்திரத்துக்கு நிறைய புகார் வருது."

"இல்லாத எந்திரத்துக்கு யார் சார் புகார் குடுப்பாங்க?"

"இதுவரைக்கும் யாரும் குடுக்கல. நான் சரிபார்க்கறதால."

'இருக்கிறது' என்று அச்சிட்ட ஒட்டி ஒன்றைக் கண்ணாடிக் கிண்ணத்தின் மேல் ஒட்டிவிட்டுப் போனார். சேற்றின் கால்பாகம் மறைந்தது.

அடுத்து மெக்கானிக் வந்தார். தோளில் பை. பையில் ஒட்டிகள். மனைவி கிண்ணத்தைக் காட்டினாள்.

"சேறு தெரியுது பாருங்க."

மெக்கானிக் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"எனக்குத் தெரியலைம்மா."

"இங்க பாருங்கண்ணே. இந்தப் பக்கம்."

"அம்மா, என்னை வம்புல மாட்டிவிடாதீங்க. கண்ணால பார்த்ததெல்லாம் பழுது ஆகாது. தண்ணி மாதிரி, அதான் சாம்பிள், எடுத்து, சோதனைக்கூடத்துல குடுத்து, அவங்க பழுதுன்னு சொன்னாத்தான் பழுது. அதுக்கு முன்னாடி நான் பார்த்துட்டேன்னு வச்சுக்குங்க, 'எப்படிப் பார்த்தே'ன்னு கேப்பாங்க. போன மாசம் ஒருத்தன் பார்த்துட்டான். இப்ப அவனை கேட்டுல நிக்க வச்சிருக்காங்க, வண்டி நம்பர் எழுதறான்."

"ஸ்பேனராவது வச்சிருக்கீங்களா?"

"ஸ்பேனர் எதுக்கும்மா மெக்கானிக்குக்கு? அது கருவிப் பிரிவுல இருக்கும்." பையிலிருந்து 'பார்வையிடப்பட்டது' என்ற ஒட்டியை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கிண்ணத்தில் ஒட்டினார். வாரியத்தின் பெயர் பொறித்த ஒரு சின்ன பாட்டிலைக் கொடுத்தார். "எந்திரத்துத் தண்ணிய இதுல புடிச்சு ஆபீஸ்ல குடுங்க."

"எந்திரத்துல தண்ணி வரலைன்னுதானே கூப்பிட்டோம்," என்றார் ஓட்டுநர்.

"அதையும் அங்கேயே சொல்லுங்க," என்றார் மெக்கானிக். கதவருகில் மாமனாருக்கு வணக்கம் வைத்தார். மாமனார் எழுந்து நின்று பதில் வணக்கம் வைத்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார் என்பதை மகள் பார்த்தாள்.

"வலிக்குதாப்பா?"

"உக்காந்தே இருந்ததால."

"இனிமே படுத்தே இருந்ததாலன்னு சொல்லுவீங்க."

வாரிய அலுவலகத்தின் தரை குளிர்ந்து பளபளத்தது. முன்கூடத்தில் நிறுவனரின் பெரிய படம். படத்துக்குக் கீழே ஆளுயரக் குடிநீர்த் தொட்டி ஒன்று நீல விளக்கோடு நின்றது. அதைச் சுற்றிக் கூட்டம். மாதிரிப் பிரிவின் ஜன்னலுக்குப் பின்னால் மாதிரி அலுவலர் உட்கார்ந்திருந்தார். அவருடைய மூக்குக் கண்ணாடியில் ஒரு விரல்ரேகைகூட இல்லை.

ஓட்டுநர் காலி பாட்டிலை நீட்டினார். அலுவலர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இதுல தண்ணி இல்ல."

"எந்திரத்துல வரல சார். அதான் புகாரே."

"வராத தண்ணிய நாங்க எப்படிச் சோதிக்கறது?"

"அதத்தான் சார் நானும் யோசிச்சேன்."

"நீங்க யோசிக்க வேண்டாம். அதுக்கு நாங்க இருக்கோம். தண்ணி வர்றப்ப புடிச்சு எடுத்துட்டு வாங்க. எந்திரத்துக்கு என்ன பழுதுன்னு பார்த்துச் சொல்றோம்."

"தண்ணி வந்துட்டா பழுதே இல்லையே சார்."

"அப்ப புகாரை மூடிடலாம். ரெண்டுல ஒண்ணு நிச்சயம் நடக்கும், கவலைப்படாதீங்க. அடுத்தவர்."

ஓட்டுநர் ஒதுங்கி நின்றார். வேனில் இரைச்சல் போடும் பிள்ளைகளைக்கூட இரண்டு வார்த்தையில் உட்கார வைத்துவிடும் மனிதர் அவர். இங்கே அவரை ஒரே வார்த்தையில் ஒதுக்கிவிட்டார்கள். எட்ட நின்றிருந்த தடித்த கண்ணாடிக்காரர் ஒருவர் அவரைக் கையசைத்துக் கூப்பிட்டார்.

"புதுசா? வாங்க, இங்க புடிங்க."

அப்போதுதான் ஓட்டுநர் கவனித்தார். நீல விளக்குத் தொட்டியைச் சுற்றி நின்றவர்கள் யாரும் தண்ணீர் குடிக்கவில்லை. எல்லார் கையிலும் வாரியத்தின் சின்ன பாட்டில். ஒவ்வொருவராகத் தொட்டிக் குழாயில் பிடித்து, மூடி, சட்டையில் துடைத்து, அந்த ஜன்னலுக்கே கொண்டுபோய்க் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இது அவங்க தண்ணியாச்சே," என்றார் ஓட்டுநர்.

"வேற யார்கிட்ட தண்ணி இருக்கு?" என்றார் தடித்த கண்ணாடிக்காரர்.

தொட்டி காலியானது. ஊழியர் ஒருவர் வெளியூரிலிருந்து லாரியில் வந்த கேனை அதன் தலையில் கவிழ்த்துவிட்டு முணுமுணுத்தார். "என்ன ஜனங்களோ. எவ்வளவு ஊத்தினாலும் பத்தல. வீட்ல தண்ணியே குடிக்க மாட்டாங்க போல."

மாதிரி அலுவலர் இந்த முறை பாட்டிலை மரியாதையோடு வாங்கிக்கொண்டார். ஓட்டுநருக்கு மனசு கேட்கவில்லை.

"சார், இது இந்தத் தொட்டியில புடிச்ச தண்ணி."

அலுவலர் குரலைத் தாழ்த்தினார். "ஜன்னலுக்கு அந்தப் பக்கம் எங்க தண்ணி. இந்தப் பக்கம் வந்துட்டா உங்க தண்ணி. இல்ல, போலி மாதிரி குடுத்தீங்கன்னு எழுதணும்னா எழுதறேன். எழுதவா?"

ஓட்டுநர் வேண்டாம் என்றார்.

முடிவு சீக்கிரம் வந்தது. நீர் மிகச் சிறப்பான தரம். எந்திரம் மிகச் சிறப்பாக இயங்குகிறது. புகார் மூடப்பட்டது.

மாமனார் அதை மூன்று முறை படித்தார். "பாத்தீங்களா மாப்ள, என்ன அழகா எழுதியிருக்காங்க. பிழையே இல்ல."

"தண்ணியும் இல்ல மாமா."

"முறைன்னு ஒண்ணு இருக்குல்ல. மேல்முறையீடு பண்ணுவோம்."

அன்று அவர் மூடியில் ஊற்றிய தண்ணீரையும் பாதி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து மீதியைக் குடிக்க வைத்தாள். வெளியே வந்து கணவனிடம் சொன்னாள்: "இடுப்பு வலி முதுகுக்கு ஏறியிருக்கு. சொல்ல மாட்டேங்கறார். மேல்முறையீட்டுக்கு முடிவு வர்றப்ப அவர் எங்க இருப்பாரோ."

"நான் என்ன பண்ணட்டும் சொல்லு. கழட்டினா எடுத்துட்டுப் போயிடுவாங்க."

"இப்ப மட்டும் என்ன, வச்சிருக்காங்களா? சுவர்ல தொங்குது, அவ்வளவுதான். அதுக்கு ஒரு காலண்டர் மாட்டியிருந்தா தேதியாவது தெரியும்."

மேல்முறையீட்டுக்கு முடிவு வரவில்லை. விருது வந்தது.

வாரியத்தின் ஆண்டு விருது, 'முத்திரை காத்த இல்லம்'. ஊரிலேயே நீண்ட காலமாக முத்திரை கலையாமல் இருக்கும் எந்திரம் இவர்களுடையதுதானாம். வாரியத் தலைவரே வீட்டுக்கு வந்து வழங்குவார். செய்தி கேட்டதும் மாமனார் சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்தார். முகம் வெளுத்திருந்தது, ஆனால் மலர்ந்திருந்தது.

"சொன்னேனா இல்லையா? முறைப்படி இருந்தா மேல இருக்கறவங்க பார்ப்பாங்க. தலைவரே வர்றார். நேர்ல ஒரு வார்த்தை சொன்னாப் போதும், சரி பண்ணிடுவார்."

அன்று காலை சமையலறையில் ஆள் நிற்க இடமில்லை. எந்திரத்துக்கு நீல ரிப்பன் கட்டி, விருதை ஒரு தட்டில் வைத்தார்கள். மாதிரி அலுவலர் வந்திருந்தார். மெக்கானிக் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். மாடி வீட்டு அக்கா கதவில் சாய்ந்து வேடிக்கை பார்த்தாள், அவளுக்குப் பின்னால் எதிர்வீட்டுக்காரர். மாமனாரை ஒரு நாற்காலியில், எந்திரத்துக்குக் கீழே, அதன் சொந்தக்காரரைப் போல உட்கார வைத்தார்கள். தலைவர் வருவதற்குச் சற்று முன் அவருடைய உதவியாளர் ஒரு கேனைத் தூக்கிக்கொண்டு வந்து, எந்திரத்தின் மேல்மூடியைத் திறந்து உள்ளே ஊற்றத் தொடங்கினார்.

"என்னங்க பண்றீங்க?" என்றார் ஓட்டுநர்.

"தலைவர் ஒரு டம்ளர் குடிச்சுக் காட்டுவார். எந்திரத்துல தண்ணி வராதுல்ல."

"வராதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

உதவியாளர் அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். "விருது வாங்குற எந்திரம் எதுலங்க வந்திருக்கு? ஓடற எந்திரத்த எவனாவது ஒருத்தன் திறந்து துடைச்சிருப்பான், முத்திரை போயிருக்கும். ஓடாததுதான் கலையாம இருக்கும். எல்லா வருஷமும் கேன்தான்."

நாற்காலியில் இருந்த மாமனார் அதைக் கேட்டார். தலையை மெதுவாகத் தூக்கி, தன் தலைக்கு மேல் தண்ணீர் ஊற்றப்படுவதைப் பார்த்தார். 

தலைவர் வந்தார். மெலிந்த, சாந்தமான மனிதர். எந்திரத்தைக் கைகூப்பி வணங்கிவிட்டுப் பேசத் தொடங்கினார்.

"இந்த வாரியம் ஆரம்பிச்ச காலத்துல எந்திரங்க எல்லாம் ஓடிக்கிட்டே இருந்தது. ஜனங்க எங்களைத் தேடி வரவே இல்ல. அவங்களுக்கும் எங்களுக்கும் ஒட்டு உறவே இல்லாத இருண்ட காலம் அது. இன்னிக்கு எங்க பேரைச் சொல்லாத வீடு கிடையாது. ராத்திரி பகலா சொல்றாங்க. சில வீட்ல சத்தமாவே சொல்றாங்க."

மாதிரி அலுவலர் கைதட்டினார்.

"தண்ணி குடுக்கறது பெரிய சாதனை இல்ல. மழைகூடக் குடுக்குது, அதுக்கு என்ன அலுவலகமா இருக்கு? தாகத்துலயும் ஒருத்தர் முத்திரையத் தொடாம இருக்கார் பாருங்க, அங்கதான் எங்க உழைப்பு தெரியுது. எங்க சோதனைக்கூடத்துல இதுவரைக்கும் ஒரு மாதிரிகூடத் தோத்ததில்ல. இந்த ஊர்ல ஒரு எந்திரம்கூடப் பழுதில்ல. இதை நான் பெருமைக்காகச் சொல்லல, ஆதாரம் இருக்கு."

மறுபடி கைதட்டல். மாமனார் பள்ளிப் பிள்ளை போலக் கையைத் தூக்கினார்.

"சொல்லுங்க ஐயா," என்றார் தலைவர்.

"எந்திரத்த எப்ப சரி பண்ணுவீங்க?"

தலைவர் சிரித்தார். "இனிமே யாருமே தொட முடியாதுங்க ஐயா. விருது வாங்கின முத்திரை. எங்க மெக்கானிக்கே தொடக் கூடாது. அடுத்த வருஷம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களக் கூட்டிட்டு வந்து காட்டப் போறோம்."

"அப்ப தண்ணி?"

"தண்ணிக்கு வேற ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கலாமே. இது இனிமே வெறும் தண்ணி எந்திரம் இல்ல."

மாமனார் தலைவரின் முகத்தைப் பார்த்தார். ஒரு வாழ்நாள் முழுக்க ஜன்னலின் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் இருந்தவர். ஜன்னலுக்குப் பின்னால் கடைசியில் யாரோ ஒருவர் வேலையைச் செய்கிறார் என்று நம்பியவர். இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, நாற்காலியை எந்திரத்தின் அடியிலிருந்து நகர்த்தினார். வழி விட்டார்.

"மாப்ள, அந்தக் கடை திறந்திருக்குமா?"

மனைவி அரிசி டப்பாவுக்குப் பின்னால் கையை விட்டு, பிளாஸ்டிக் உறையில் சுற்றிய வெள்ளை ஃபில்டர் ஒன்றை எடுத்தாள். கூடவே கிண்ணத்தைத் திருகும் கறுப்பு வளையச் சாவி. "என்னிக்கோ வாங்கி வச்சாச்சுப்பா. நீங்க ஒரு வார்த்தை சொல்லணுமேன்னுதான்."

"எனக்காகவா பார்த்தே?"

"வேற யாருக்கு? இவங்களுக்கா?"

ஓட்டுநர் உள்ளே வரும் குழாயை மூடினார். வளையச் சாவியைக் கிண்ணத்தின் கழுத்தில் மாட்டினார். அறையில் இருந்தவர்களுக்கு நடப்பது புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தலைவர் பழக்கத்தில் பேசிக்கொண்டே இருந்தார்.

"நம்பிக்கைங்கறது ஒரு மெல்லிய பட்டை மாதிரி..."

பட்டை கிழிந்தது. பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. தபால் உறை கிழிவது போலத்தான் இருந்தது. கிண்ணம் சுற்றிக் கழன்றது. சேற்றுத் தண்ணீர் 'இருக்கிறது', 'பார்வையிடப்பட்டது' என்ற ஒட்டிகளின் மேல் வழிந்து, தரையில் கொட்டி, தலைவரின் காலணியை நோக்கி ஓடியது. அவர் ஒரு காலைத் தூக்கிக்கொண்டார். ஓட்டுநர் பழைய ஃபில்டரை உருவி எடுத்து, வைக்க வேறு இடம் தெரியாமல், விருதுத் தட்டில் வைத்தார். ஒரு வாடை எழுந்தது. மெக்கானிக் முதல் முறையாக ஜன்னலிலிருந்து திரும்பிப் பார்த்தார். "சேறுதான்," என்றார். சொன்ன பிறகு வாயைப் பொத்திக்கொண்டார்.

"நிறுத்துங்க," என்றார் உதவியாளர். "இது குற்றம்."

"கொஞ்சம் நகருங்க, வழுக்கும்," என்றாள் மனைவி, துடைப்பத்தோடு.

ஓட்டுநர் கிண்ணத்தைக் கழுவினார். புது ஃபில்டரை நிறுத்தி, கிண்ணத்தைத் திருகி, குழாயைத் திறந்தார். உதவியாளர் ஊற்றிய கேன் தண்ணீர் முழுவதையும் பாத்திரம் கழுவும் தொட்டியில் இறக்கிவிட்டார். எந்திரத்துக்குள் பம்ப் ஒருமுறை இருமியது. பிறகு ரீங்காரம் போட ஆரம்பித்தது. 

அந்த எந்திரத்தில் தண்ணீர் அவசரமாக வராது. நூல் போலத்தான் வரும். முதலில் வந்ததை ஓட்டுநர் கீழே ஊற்றினார். பிறகு டம்ளரை வைத்தார். வாரியத் தலைவர், உதவியாளர், மாதிரி அலுவலர், மெக்கானிக் என எல்லாரும் ஒரு டம்ளர் நிறைவதை நின்று பார்க்க வேண்டியதாயிற்று. அவர்களில் பலர் அதை அதற்கு முன் பார்த்ததில்லை.

"ஐயா, இது அனுமதியில்லாத தண்ணி," என்றார் தலைவர், சாந்தம் குறையாமல். "சோதனை ஆகல. முத்திரை இருந்தவரைக்கும் இது ஊர்லயே சிறந்த எந்திரம். இப்ப இது பழுதான எந்திரம். பழுதான எந்திரத்துத் தண்ணிய குடிக்கறதுக்கு வாரியம் பொறுப்பேத்துக்க முடியாது."

"இதுவரைக்கும் எதுக்குப் பொறுப்பேத்துக்கிட்டீங்க?" என்றார் மாமனார். டம்ளரை வாங்கி, அண்ணாந்து, நிறுத்தாமல் குடித்தார். மூடியில் ஊற்றிக் குடித்தவர் தொண்டையில் தண்ணீர் கடகடவென்று இறங்கியது.

"எந்திரத்தை எடுத்துட்டுப் போக வேண்டியிருக்கும்."

"எடுத்துப் பாருங்க," என்றார் ஓட்டுநர். எந்திரத்துக்கு முன்னால் போய் நின்றார். குரலை உயர்த்தவில்லை. வேன் கதவில் தொங்கும் பிள்ளைகளிடம் பேசும் குரல்தான். "கையக் காலை வச்சுக்கிட்டு ஒழுங்கா நில்லுங்க எல்லாரும்."

அவர்கள் ஒழுங்காக நின்றார்கள். உதவியாளர் கையைக்கூடக் கட்டிக்கொண்டார்.

கதவில் சாய்ந்திருந்த மாடி வீட்டு அக்கா உள்ளே வந்தாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக ஓட்டுநரிடம் போனாள்.

"வேலை முடிஞ்சுதா தம்பி? அந்தச் சாவிய குடு. எங்க வீட்லயும் இதே சேறுதான்."

"அம்மா," என்றார் தலைவர், "உங்க வீட்டு எந்திரமும் மிகச் சிறப்புன்னு போன வாரம்தான்..."

"ஆமாங்க. உங்க தொட்டித் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு. நானும் அங்கதான் புடிச்சேன்." சாவியை முந்தானையில் துடைத்துக்கொண்டு படியேறினாள். எதிர்வீட்டுக்காரர் அவள் பின்னால் போனார். "அக்கா, உங்களுக்கப்புறம் எனக்கு," என்ற குரல் படிக்கட்டில் கேட்டது.

தலைவர் தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதுக்கெல்லாம் நீங்க பதில் சொல்லியாகணும் ஐயா."

"சொல்றேன்," என்றார் மாமனார். "வரிசையா உக்காருங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றேன். மொதல்ல குடிச்சுக்கறேன்."

காலி டம்ளரை மறுபடி குழாயின் கீழே வைத்தார். அது நிறையும்வரை யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மாடியில் ஒரு கிண்ணம் திருகிக் கழலும் சத்தமும், தரையில் சேற்றுத் தண்ணீர் கொட்டும் சத்தமும், அதைத் தொடர்ந்து யாரோ வாய்விட்டுச் சிரிக்கும் சத்தமும் கேட்டன.